வீரமாமுனிவர் பிறந்த ஊரும் ஒன்பதாயிரம் காயம்பட்டவர்களும்

(வீரமாமுனிவர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, சந்தைக் குத்தகைதாரர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் மாலை வணக்கம். பந்தல் போட்ட தோழர்களையும் ஒலிபெருக்கி கட்டிய தம்பியையும் விட்டுவிட்டால் அது நன்றி மறந்த பேச்சு. அவர்களுக்கும் வணக்கம். பேரூராட்சித் தலைவர் அவர்கள் தமது உரையில், “எங்கோ இருக்கும் இத்தாலி ஊர்க் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள்” என்று ஒரு கொக்கி போட்டார்கள். கொக்கியை எடுத்துக்கொள்கிறேன், அம்மா. பேச்சு முடிவதற்குள் அது நம் சந்தைத் திடலில் வந்து மாட்டும்.

இன்று நவம்பர் 8. 1680ஆம் ஆண்டு இதே நாளில் இத்தாலியின் வடக்கே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்ற சிற்றூரில் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி பிறந்தார். தமிழ்நாட்டில் அவர் வீரமாமுனிவர். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியதும், குறில் எகர ஒகரத்தையும் நெடில் ஏகார ஓகாரத்தையும் பிரித்துக் காட்ட எழுத்தில் அவர் செய்த சீர்திருத்தமும் இந்த அவைக்குத் தெரியும். அதைப் பேசத் தமிழாசிரியர் ஐயா இருக்கிறார். அவர் முன்னால் நான் பேசினால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. நான் பேச வந்தது அவரைப் பெற்ற ஊரைப் பற்றி. நிலம், அரண்மனை, போர், சந்தை, இன்றைய தொழில் என்று ஐந்து தலைப்புகளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஐந்துக்கும் நேரம் கிடைக்குமா என்பது தலைவர் கையில் இருக்கும் மணியைப் பொறுத்தது.

முதலில் நிலம். வட இத்தாலியில் கார்டா என்றொரு ஏரி. அந்த நாட்டிலேயே பெரியது. பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 346 மீட்டர். பனி யுகங்களில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறு இந்தப் பள்ளத்தைக் குடைந்தது. குடைந்த கல், மண், களிமண், பாறை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து தன் வாய்ப்பகுதியில் குவித்தது. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்தக் குவியல்கள் ஏரியின் தென்கரையைச் சுற்றி வளைவு வளைவாக, ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. அவைதான் இன்றைய சிறு குன்றுகள். அந்தக் குன்றுகள் முடிந்து சமவெளி தொடங்குகிற விளிம்பில், ஏரிக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது காஸ்திலியோனே. வடமேற்கே பிரேஷா நகரம் சுமார் 30 கிலோமீட்டர். தென்கிழக்கே மாந்துவா 40க்குச் சற்றுக் குறைவு. மேற்கே கியேசே ஆறு, கிழக்கே ஏரியிலிருந்து வெளியேறும் மின்ச்சோ ஆறு.

இந்த இருப்பிடத்தை மனத்தில் வையுங்கள். ஊரில் பிற்பாடு நடந்தது அத்தனையும் இதிலிருந்துதான் வருகிறது. குன்றுப்பக்கம் கொடிமுந்திரியும் விறகும் மேய்ச்சலும். சமவெளிப்பக்கம் தானியமும் மக்காச்சோளமும், ஒரு காலத்தில் பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டை மரங்களும். இரண்டு வகை நிலம் சந்திக்கும் கோட்டில் ஓர் ஊர் இருந்தால் அங்கே சந்தை கூடும். நம் மலையடிவார ஊர்களில் பார்க்காததா? குன்றுகளை வெட்டாமல் சுற்றிப் போகிற சாலையும் அந்த விளிம்பில்தான் போகும். சந்தைக்கு வசதியான சாலை படைக்கும் வசதி. பிரேஷாவிலிருந்து மாந்துவாக் கோட்டைக்குப் போகும் எந்தத் தளபதியும் இந்த ஊர் வாசலை மிதித்தாக வேண்டும்.

அடுத்து அரண்மனை, சுருக்கமாக. மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் கிளை ஒன்று இங்கே குறுநில ஆட்சி நடத்தியது. கையகல நாடு, ஆனால் சொந்த நாணயச்சாலை இருந்தது. அந்த வீட்டின் மூத்த மகன் அலோசியஸ் கொன்சாகா 1568 மார்ச் 9 அன்று பிறந்தார். நம் பக்கத்துக் கோயில்களில் ஞானப்பிரகாசியார் என்று சுரூபம் வைத்திருக்கிறோமே, அவரேதான். 1585இல் வாரிசு உரிமையைத் தம்பி ரொதொல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ரோமாபுரியில் இயேசு சபையில் சேர்ந்தார். 1591இல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, நோய் தொற்றி, ஜூன் 21 அன்று இறந்தார். வயது 23. அவருடைய மண்டையோடு இன்றும் காஸ்திலியோனேயில் அவர் பெயரிலுள்ள பெருங்கோயிலில் இருக்கிறது. ரொதொல்ஃபோவின் பெண்மக்கள் மூவர் 1608இல் பெண்களுக்காக ஒரு துறவற இல்லம் தொடங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் நடக்கிறது. பெஸ்கி பிறந்தபோது அலோசியஸின் புகழ் ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த காலம். 1698இல் பெஸ்கியும் அதே சபையில் சேர்ந்தார், 1710இல் கப்பல் ஏறினார். அலோசியஸ் புனிதராக அறிவிக்கப்பட்ட 1726இல் நம் முனிவர் தமிழ் மண்ணில்தான் இருந்தார்.

மூன்றாவது போர். இதில்தான் நான் நிற்கப்போகிறேன். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்று நம்மவர் சொல்லி வைத்தார்கள். காஸ்திலியோனே மக்களுக்கு இழுக்கக் கிடைத்த தேர் சாதாரணத் தேர் இல்லை. 1706இல் இந்த ஊர் அருகே ஒரு போர். 1796 ஆகஸ்ட் 5 அன்று இன்னொன்று: மாந்துவா முற்றுகையை உடைக்க வந்த ஆஸ்திரியத் தளபதி வூர்ம்சரை நெப்போலியன் போனபார்ட் இதே குன்றுகளின் ஓரத்தில் முறியடித்தார். இரண்டு நாள் முன்பு அங்கே சண்டையிட்ட தளபதி ஓஷ்ரோவுக்குப் பின்னாளில் ‘காஸ்திலியோனே கோமகன்’ என்றே பட்டம் கிடைத்தது. பட்டம் தளபதிக்கு, புண் சிப்பாய்க்கு. மூன்றாவது, எல்லாவற்றையும் விடப் பெரியது, 1859 ஜூன் 24.

ஒரு பக்கம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படையும், இத்தாலிய அரசுகளில் ஒன்றான சார்தீனியாவின் மன்னர் இரண்டாம் விக்தோர் இம்மானுவேலின் படையும். மறுபக்கம் பேரரசர் பிரான்ஸ் யோசெப்பின் ஆஸ்திரியப் படை. ஆஸ்திரியர்கள் மின்ச்சோ ஆற்றுக்கு அப்பால் பின்வாங்கிவிட்டார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள். அவர்களோ முந்தின நாளே ஆற்றைத் திரும்பக் கடந்து குன்றுகளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். குன்றுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இரு தரப்புக்குமே சரியாகத் தெரியாது. விடியற்காலையில் ஒருவர்மேல் ஒருவர் வந்து மோதினார்கள். காஸ்திலியோனேக்குக் கிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில் உள்ள சொல்ஃபெரினோ குன்றுதான் நடுக்களம். சாயங்காலம் ஆலங்கட்டியோடு புயல்மழை அடித்துச் சண்டை ஓய்ந்தபோது, இறந்தவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் ஏறத்தாழ 40,000 பேர் கணக்கிலிருந்து விழுந்திருந்தார்கள்.

காயம்பட்டவர்களை எங்கே கொண்டு போவது? சாலை எங்கே போகிறதோ அங்கேதான். பிரெஞ்சுப் படையின் பின்புறம் காஸ்திலியோனே, அதற்கும் பின்னால் பெரிய மருத்துவமனைகள் உள்ள பிரேஷா. கோவேறு கழுதையின் இரண்டு பக்கமும் நாற்காலி கட்டி, பக்கத்துக்கு ஒருவராக உட்கார வைத்துக் கொண்டு வந்தார்கள். மாட்டு வண்டிகளில் அடுக்கிக் கொண்டு வந்தார்கள். ஐயாயிரம் சொச்சம் பேர் வாழ்ந்த சந்தை ஊரில் மூன்று நாளுக்குள் காயம்பட்டவர்கள் ஒன்பதாயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கோயில், மடம், படைக்கொட்டடி எல்லாம் நிரம்பி, முற்றங்களிலும் சதுக்கங்களிலும் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். ஜூன் வெயில் தாங்காமல் மேலே துணி கட்டி நிழல் உண்டாக்கினார்கள்.

அந்த ஊருக்கு அந்த நேரத்தில் வெள்ளை உடுப்பு அணிந்த ஒருவர் வந்து சேர்கிறார். பெயர் ஹென்றி டுனான்ட். ஜெனீவாக்காரர், வயது 31. மருத்துவரா? இல்லை. படைவீரரா? இல்லை. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் மாவு ஆலைத் தொழில். அங்கே நிலமும் நீர் உரிமையும் வேண்டி எந்த அலுவலகத்திலும் காரியம் நடக்காமல், “நேரே பேரரசரையே பார்த்துவிடுகிறேன்” என்று புறப்பட்டு வந்தவர். மூன்றாம் நெப்போலியனைப் புகழ்ந்து ஒரு நூலும் அச்சிட்டுக் கையோடு எடுத்து வந்திருந்தார். (மனு கொடுக்கப் போகிறவர் பொன்னாடையோடு போவது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள்.) வந்த இடத்தில் மனுவை மறந்தார். மேட்டில் இருக்கும் பெரிய கோயிலுக்குள், கியேசா மஜோரே என்பார்கள், நுழைகிறார். உள்ளே கிட்டத்தட்ட ஐந்நூறு பேர். வாசல் வைக்கோலில் இன்னும் நூறு பேர். பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர், அல்ஜீரியர், ஜெர்மானியர், குரோஷியர் எல்லாரும் ஒரே தரையில்.

இப்போது கவனியுங்கள், என் பேச்சே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊரில் தண்ணீர் இருந்தது, நீரூற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாடு இருந்தது. கட்டுத்துணி இருந்தது. அப்படியும் சிப்பாய்கள் தாகத்தால் செத்தார்கள், கட்டுப் போடாமல் செத்தார்கள். டுனான்ட் எழுதி வைத்தது இதைத்தான்: பஞ்சம் கைகளுக்கு. இராணுவ மருத்துவர்கள் பெரும்பாலோர் படையோடு முன்னே போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர்.

அவர் என்ன செய்தார்? ஆவேசமாகப் பேசவில்லை, வேலையைப் பிரித்தார். சிறுவர்களைக் கூப்பிட்டு வாளியும் தோட்டத்துப் பூவாளியும் கொடுத்து நீரூற்றுக்கும் கோயிலுக்குமாக ஓடவிட்டார். பெண்களைக் காயம் கழுவவும் கஞ்சி கொடுக்கவும் பிரித்து நிறுத்தினார். வண்டிக்காரரைப் பிரேஷாவுக்கு அனுப்பினார்: எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சீமைச்சாமந்திப் பூ, சட்டைகள், பஞ்சுறிஞ்சிகள், கட்டுத்துணி, ஊசி, கூடவே புகையிலை. புகையிலை எதற்கு? அறைக்குள் அழுகிய புண்ணின் நாற்றம் சகிக்க முடியாது, அந்தப் புகைதான் அதை மறைத்தது. சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர் இருவர் இதில் சேர்ந்தார்கள், வயதான கடற்படை அதிகாரி ஒருவர் சேர்ந்தார். சுவிட்சர்லாந்து வணிகர் ஒருவர் சாகிறவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பெல்ஜியக்காரர் ஒருவர் மனம் தாங்காமல் காய்ச்சல் வருமோ என்று அஞ்சும் நிலைக்குப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. உள்ளூர்க் குரு லொரென்சோ பார்சீத்சா ஊராரை ஒருங்கிணைத்தார். பெண்கள் தம் பக்கத்துச் சிப்பாய்க்கு மட்டும் என்று பார்க்கவில்லை. ஆஸ்திரியனுக்கும் அதே தண்ணீர். ‘துத்தி ஃபிரதெல்லி’, எல்லாரும் சகோதரர்களே என்று சொல்லிக்கொண்டு வேலை செய்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது அங்கே.

ஒரே சீராக இழுத்தார்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். நடுவில் ஒரு நாள், சிறைப்பட்டவர்களை ஓட்டி வந்த குதிரைப்படைப் பிரிவு ஒன்றைத் தூரத்தில் பார்த்துவிட்டு, “ஆஸ்திரியர் திரும்பி வருகிறார்கள்!” என்று யாரோ கத்திவிட்டார்கள். அவ்வளவுதான். கதவுகள் சாத்தப்பட்டன, முதல் நாள் பறக்கவிட்ட மூவண்ணக் கொடிகள் அடுப்பில் எரிந்தன, வண்டிகள் குடை சாய்ந்தன. புரளி என்று தெரிந்த பிறகும், பயந்து ஓடிய காயம்பட்டவர்களின் கட்டு அவிழ்ந்தது அவிழ்ந்ததுதான். நாளாக ஆக வந்த ஆர்வலர்களுக்கும் சோர்வு தட்டியது. டுனான்ட் இதையும் மறைக்காமல் எழுதினார்.

போன காரியம் என்ன ஆயிற்று? நிலமும் நீர் உரிமையும் கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நெப்போலியனின் பாசறை வரை போய், சிறைப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவித்து வைத்தியத்துக்கு அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். ஜூலைத் தொடக்கத்தில் அப்படி ஆணையும் பிறந்தது. காஸ்திலியோனேயில் கண்டதைப் புத்தகமாக எழுதி, 1862இல் தம் சொந்தச் செலவில் 1,600 படிகள் அச்சிட்டார். 1863 பிப்ரவரி 17 அன்று ஜெனீவாவில் ஐந்து பேர் குழு கூடியது. அதுதான் செஞ்சிலுவை இயக்கத்தின் தொடக்கம். 1864 ஆகஸ்ட் 22 அன்று, போரில் காயம்பட்டவர்களைக் காக்க, முதல் ஜெனீவா ஒப்பந்தம். 1867இல் டுனான்ட் தொழில் நொடித்துத் திவாலானார். 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்து கிடைத்தது. 1959இல், போரின் நூற்றாண்டில், காஸ்திலியோனேயில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்றும் ஜூன் மாதத்தில் சொல்ஃபெரினோவிலிருந்து காஸ்திலியோனே வரை தொண்டர்கள் தீப்பந்தம் ஏந்தி நடக்கிறார்கள், அந்தக் கழுதைகள் வந்த வழியாக.

தலைமை மருத்துவர் அவர்கள் முன்னால் மருத்துவம் பேசத் தயக்கம்தான். பிழை இருந்தால் இங்கேயே திருத்தட்டும். அந்தக் கோயிலில் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்? கூம்பு வடிவ ஈயக் குண்டு எலும்பை நொறுக்கிற்று, அது ஒன்று. புண்ணைத் துடைத்த பஞ்சுறிஞ்சி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிற்று. பழைய துணியை நூல் நூலாகப் பிரித்துப் புண்ணில் அடைத்தார்கள். நூல் புண்ணோடு ஒட்டிச் சீழ் பிடித்தது. கிருமிகொல்லி முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் அறிவித்தது 1867இல்தான், எட்டு ஆண்டு கழித்து. அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் இன்றைக்குச் சந்தையில் ஒருவருக்குக் கை வெட்டுப்பட்டால் காப்பித்தூளை அள்ளி அப்புகிறோம், பஞ்சை நேரே புண்ணில் வைக்கிறோம். காஸ்திலியோனேயில் நூல் ஒட்டியது போலவே பஞ்சும் ஒட்டும், மருத்துவமனையில் பிரித்தெடுக்கும்போது கசிவு மறுபடி தொடங்கும்.

அம்மா, நீங்கள் போட்ட கொக்கி இதோ மாட்டுகிறது. மீன் கடைக் கத்தி, மூட்டை இறக்குமிடம், பின்னால் நகரும் சரக்கு வண்டி, முட்டுகிற மாடு. நம் வாரச்சந்தையில் இரத்தம் சிந்தாத வாரம் குறைவு. கூட்டத்துக்குக் குறைவில்லை, தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, துணிக்கடை வரிசையே இருக்கிறது. பழக்கப்பட்ட கை எங்கே?

பழகுவது கடினமில்லை. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் சுத்தமான பாலிதீன் பையில் கையை விடுங்கள். புண்ணின் மேல் இருக்கும் உடையைக் கத்தரித்துப் புண் எங்கே என்று கண்ணால் பாருங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால், முழங்கையை மடக்காமல், உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். எல்லாரும் தவறுவது இங்கேதான்: இரண்டு நிமிடத்தில் “நின்றுவிட்டதா” என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறைந்துகொண்டிருந்த இரத்தம் கிழிந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் எடுக்காதீர்கள், அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். குத்திய கம்பியோ கண்ணாடியோ உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள், அது அடைப்பாக நிற்கிறது. இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்து அசையாமல் கட்டுங்கள். கை காலில் எவ்வளவு அழுத்தியும் பீறிட்டால் மட்டும் இறுக்குக் கட்டு: காயத்துக்கு மேலே, உடல் பக்கமாக, ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் படாமல். நாலு விரற்கடை அகலத் துணி வேண்டும். கயிறோ கம்பியோ கட்டினால் தசையையும் நரம்பையும் அறுக்கும். குச்சி செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுங்கள். அதன் பிறகு மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும். ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108ஐ அழைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் பற்றி ஒன்று. காஸ்திலியோனேச் சிறுவர்கள் கொண்டு வந்த தண்ணீர் அன்று உயிர்காத்தது. நாட்கணக்கில் வெயிலில் கிடந்தவர்கள் அவர்கள். இன்று அரை மணியில் அறுவைச் சிகிச்சை மேசைக்குப் போகப்போகிறவருக்குச் சோடாவும் இளநீரும் ஊற்றாதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். உதட்டை நனைத்தால் போதும்.

உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமே என்று ஒரு பயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு இல்லை. தம் பெயர், முகவரி சொல்லவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்பதை நாம் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறோம். தேரோட்டத்தன்று காலையிலா வடம் பிடிக்க ஆள் தேடுகிறோம்? சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் யார் என்று மாதம் முன்பே தெரியும். தெரியாதவர் கையில் கட்டையைக் கொடுத்தால் அவர் விரல்தான் போகும். டுனான்ட் புத்தகத்தின் கடைசியில் கேட்டது இதைத்தான்: போர் இல்லாத காலத்திலேயே தொண்டர்களைப் பழக்கி வைத்திருக்கும் சங்கம் ஒன்று.

ஆகவே கேட்பது இவ்வளவே. சந்தை நுழைவாயில் அருகே ஒரு மேசை, ஒரு பெட்டி, பயிற்சி பெற்ற இருபது பேர், சந்தைநாளுக்கு நாலு பேர் முறை வைத்து. பெட்டியில் நான்கு அங்குலச் சுருள்கட்டு இருபது, முக்கோணக் கட்டு பத்து, பொட்டலமிட்ட நுண்ணுயிர் நீக்கிய வலைத்துணி ஐம்பது, கையுறை ஒரு பெட்டி, முனை மழுங்கிய கத்தரி, புண் கழுவ அரை லிட்டர் உப்புக் கரைசல் நான்கு புட்டி, இறுக்குக் கட்டு இரண்டு, கம்பளி, தூக்குப் படுக்கை, பேனா, கடிகாரம். மாதம் ஒருமுறை ஒருவர் திறந்து எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கத்தரி தையற்கடையிலும் கம்பளி காவலாளி தோளிலும் இருக்கும்; சந்தைக் குத்தகைதாரர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டது. சந்தை, தொழில் இரண்டும் மிச்சம். காஸ்திலியோனே பட்டு நூற்பிலிருந்து காலுறைத் தொழிலுக்கும் பால் பதப்படுத்தலுக்கும் வந்த கதை தனியே ஒரு மாலைக்கு உரியது. சிறைக் காவலர் இல்லாமல் மருத்துவ ஊழியர்களே குற்ற மனநோயாளிகளைப் பராமரித்த மருத்துவமனையும் அந்த ஊரில்தான் நடந்தது. இத்தாலியில் அன்றிருந்த அப்படிப்பட்ட ஆறு நிறுவனங்களில் காவலர் இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான். அதையும் தமிழாசிரியர் ஐயா அழைத்தால் பிறகு பேசலாம்.

பெயர் கொடுப்பவர்கள் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் குறிப்பேட்டில் எழுதலாம். வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும், கைப்பேசி எண்ணோடு எந்தச் சந்தைநாளில் வரமுடியும் என்பதையும் எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை, அவர்கள்தான் வாரம் தவறாமல் அங்கே இருக்கிறவர்கள். இருபது பெயர் சேர்ந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ செயின்ட் ஜான் ஆம்புலன்சுக்கோ பயிற்சி கேட்டு எழுதுவோம். மேசைக்கு இடம் ஒதுக்கும் கடிதம் பேரூராட்சித் தலைவர் அம்மாவின் கையெழுத்துக்காக என் பையிலேயே இருக்கிறது. விருந்துக்கு முன் ஒரு நிமிடம் கொடுத்தால் போதும். வணக்கம்.